ஆண்டு முடிவில் நடத்தைக் கணக்கு எழுதும் முறை

புத்தாண்டுத் தீர்மானங்களை எழுதுவதற்கு முன், முடிகிற ஆண்டில் எப்படி நடந்துகொண்டோம் என்பதை ஒரு மாலைப்பொழுதில் எழுதிப் பார்க்கும் முறை இது. டிசம்பர் கடைசி வாரம் இதற்கு ஏற்றது. கடலூர்க்காரர்கள் 26ஆம் தேதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2004 சுனாமியில் உறவுகளை இழந்த கரையோரக் குடும்பங்கள் அஞ்சலி செலுத்தும் அந்த நாளில் இந்த வேலை ஓடாது.

ஒரு நோட்டும் பேனாவும் போதும். இதற்கென்றே விற்கும் டைரிகளையும் செயலிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் கேள்விகள் முன்பே அச்சாகியிருப்பதால், நமக்குரிய கேள்வியைத் தேடும் வேலை நின்றுபோகிறது.

படி 1: சாட்சிகளைத் திரட்டுங்கள். நினைவை மட்டும் நம்பினால் கடைசி இரண்டு மாதங்கள்தான் கைக்கு வரும். ஆகவே ஜிபே பட்டியல், வாட்ஸப் உரையாடல்கள், பால் கணக்கு குறித்த மாத நாள்காட்டி ஆகியவற்றைப் புரட்டி, மாதத்திற்கு இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல (அவருடைய நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை நீள்கிறது) எழுதி வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

படி 2: மூன்று பண்புகளைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

படி 3: பண்பைச் செயலாக மாற்றிக் கேளுங்கள். என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த படி இதுதான். ‘நான் நேர்மையாக இருந்தேனா?’ என்று கேட்டால், எவருக்கும் ‘பெரும்பாலும் இருந்தேன்’ என்ற பதிலே கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இதற்கான வழியை நம் கடலூர் மாவட்டத்து மருதூரில் பிறந்த வள்ளலாரிடம் கண்டேன். 1854இல் வெளிவந்த அவருடைய மனுமுறைகண்ட வாசகத்தில், மகனின் தேர்க்காலில் பசுங்கன்று இறந்த செய்தி கேட்ட சோழன், ‘வேலையிட்டுக் கூலி குறைத்தேனோ’, ‘பசித்தோர் முகத்தைப் பாராதிருந்தேனோ’ என்று அடுக்கடுக்காகத் தன்னையே கேட்டுக்கொள்கிறான். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு செயல் இருக்கிறது. அந்தச் செயலால் பாதிக்கப்பட்ட ஒருவரும் இருக்கிறார்.

அதே முறையில், நேர்மை என்பதை ‘வெள்ளையடித்தவருக்குப் பேசிய தொகையை வேலை முடிந்த அன்றே கொடுத்தேனா?’ என்று மாற்றுங்கள். நியாயம் என்பது ‘மீன்கார அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு வாதாடிவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் பில்லைப் பார்க்காமலேயே பணம் கட்டினேனா?’ என்று ஆகும். பொறுமைக்கு, ‘அப்பா சொன்னதையே திரும்பச் சொன்னபோது கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தேனா?’ என்று கேட்கலாம். ஓர் ஆளின் பெயரையும் ஒரு மாதத்தையும் பதிலாகச் சொல்ல முடியாத கேள்வியை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

படி 4: பதிலை எழுதுங்கள். என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். ‘வேலை நெருக்கடி’ போன்ற காரணங்களை இரண்டு நாள் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் பாதிக் காரணங்கள் தேவையற்றவையாகத் தோன்றும். நன்றாக நடந்துகொண்ட இடங்களையும் விட்டுவிடாதீர்கள். இது குற்றப்பத்திரிகை அன்று.

படி 5: தீர்க்கக்கூடியதை 31ஆம் தேதிக்குள் தீருங்கள். பாக்கியைக் கொடுங்கள், பேச வேண்டியவரிடம் நேரில் பேசுங்கள். எல்லோருக்கும் அனுப்பும் வாழ்த்துச் செய்தியின் அடியில் மன்னிப்பை ஒட்டி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

பின்சேர்க்கை: இதைக் கணவனும் மனைவியுமாக ஒரே நோட்டில் எழுதத் தொடங்கி, ஒருவர் குறையை மற்றவர் எழுதும்படி ஆகிவிட்டது என்று ஒரு வாசகி தெரிவித்திருந்தார். தனித்தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காட்டுவதும் காட்டாததும் அவரவர் விருப்பம்.

பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவர் நிலையில் இருக்கும் வேறொருவருக்குச் செய்யலாம். 1867இல் வள்ளலார் தொடங்கிய வடலூர் தருமச்சாலையில் இன்றும் அன்னதானம் நடக்கிறது. அங்கே அரிசி கொடுப்பதும் ஒரு வழி. ஆனால் அந்த அரிசியைக் காட்டி, உயிரோடிருக்கும் வெள்ளையடிப்பவரின் பாக்கியை நோட்டில் அடித்துவிடாதீர்கள்.