மருந்தடித்த ஆகாயத்தாமரை எங்கே போகிறது?

களைக்கொல்லி மருந்தடித்த நாலாம் நாள் ஏரி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பச்சைப்பசேலென்று அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரை பழுத்து, காம்பு துவண்டு, தண்ணீரில் சாய்ந்திருக்கும். எங்கள் பக்கத்து ஊரில் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, வேலை முடிந்தது என்றார்கள். பத்தாம் நாள் விடியற்காலை கரைக்குப் போனேன். மதகு ஓரமாகக் கட்லாவும் ரோகுவும் கூட்டமாக ஒதுங்கி, தண்ணீருக்கு மேலே வாயை நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வயிறுகள் மிதக்கத் தொடங்கிவிட்டன. விரால் மட்டும் தப்பியது. அது மேலே வந்து காற்றையே நேராகக் குடித்துக்கொள்ளும்.

மருந்தின் விஷம்தான் மீனைக் கொன்றது என்று ஊரில் பேசினார்கள். பெரும்பாலும் கொல்வது அழுகல். செத்த செடி ஏரியை விட்டு எங்கும் போவதில்லை. இதை மறப்பதுதான் முதல் தவறு. அடர்ந்த ஆகாயத்தாமரை ஒரு ஏக்கரில் நூறு டன்னைக்கூடத் தொடும். அது அமிழ்ந்து அழுகும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. 30 டிகிரி சூடேறிய தண்ணீரில் காற்றிலிருந்து கரைவதே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். அது இரண்டுக்கோ மூன்றுக்கோ இறங்கினால் கெண்டை மீன்கள் திணறிவிடும். இரவில் வெளிச்சமில்லாமல் பாசியும் ஆக்சிஜன் தராது என்பதால்தான் விடியற்காலையில் சாவு.

அழுகலோடு, செடி உறிஞ்சி வைத்திருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீருக்கே திரும்புகின்றன. மேலே மூடியிருந்த இலையும் இப்போது இல்லை, வெயில் நேராக இறங்குகிறது. சில வாரங்களில் பச்சைப் பெயின்ட் கரைத்ததுபோல் நீலப்பச்சைப் பாசி படரும். அதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பவை. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஆடு மாட்டுக்கு உயிராபத்து. ஆகாயத்தாமரையைக் கையால் இழுத்துப் போடலாம். இந்தப் பாசியை எதைக்கொண்டு இழுப்பது?

ஆள் கூலி மிச்சமென்று ஒரே நாளில் ஏரி முழுக்க அடித்துவிடுகிறார்கள். வேறு வழியே இல்லை என்று முடிவானாலும் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடக் கூடாது. அடுத்த பங்குக்கு இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்; அதுவரை மீன் ஒதுங்க இடம் வேண்டாமா? கோடையில் தண்ணீர் வற்றிச் சூடேறிக் கிடக்கும்போது அந்தப் பேச்சே கூடாது.

கடையில் களைக்கொல்லி என்று கேட்டால் வரப்புக்கு அடிக்கும் கிளைபோசேட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். நம் நாட்டில் அதற்குப் பதிவு தேயிலைக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான். 2022-ல் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்களே அதைக் கையாள வேண்டும் என்றும் அறிவித்தது. இலையில் ஒட்டுவதற்காக அதில் சேர்க்கும் சோப்பு போன்ற திரவம், பல தயாரிப்புகளில், கிளைபோசேட்டைவிடத் தலைப்பிரட்டைக்கும் மீன்குஞ்சுக்கும் கொடியது. போதாக்குறைக்கு நம் ஆட்கள் டேங்குக்கு ஒரு பாக்கெட் ஷாம்பு வேறு கலக்கிறார்கள். 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லியிலும் எஸ்டர் வகை மற்ற வகைகளைவிட மீனுக்கு மிகக் கெடுதல். பாட்டிலின் முன்பக்கப் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள், லேபிளை முழுக்கப் படியுங்கள்.

மடை திறந்தால் அந்தத் தண்ணீர் எங்கே பாயும் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. 2,4-டியை நெல் தாங்கும். பருத்தி தாங்காது, துளிர் இலை வெண்டை இலைபோல் பிளந்து விரல் விரலாகச் சுருங்கும். தக்காளிக்கும் திராட்சைக்கும் அதே கதிதான். கரையோரத்தில் தெளிக்கும்போது காற்றில் வரும் சாரலே இதற்குப் போதும்.

ஆகாயத்தாமரை இலையை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். மிளகளவு சுரண்டல் வடுக்கள் நிறைய இருந்தால், அங்கே நியோசெட்டினா கூன்வண்டு இருக்கலாம். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, 1983-ல் இந்தியாவில் விட்ட வண்டு இது. செடியை மெல்ல மெல்லத் தளரவைக்கும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். முழு ஏரிக்கும் மருந்தடித்தால் வண்டுக்கு உணவும் இருப்பிடமும் ஒரே வாரத்தில் போய்விடும். செடியோ மீதமிருக்கும் நாலு கொத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகித் திரும்பி வரும்.

செடிக்குச் சத்தூட்டும் சாக்கடை விழும் வாயை அடைக்காதவரை இது ஓயாது. அதை அடைத்துவிட்டு, கயிறு கட்டிக் கரைக்கு இழுப்பதோ இயந்திரம் இறக்குவதோதான் நான் நம்பும் வழி. வாரியதைக் கரைச்சரிவிலேயே குவிக்காதீர்கள், முதல் மழையில் பாதி உள்ளே வந்துவிடும். கரைக்கு வெளியே கொண்டுபோய்ச் சாணக்கரைசல் தெளித்து மட்க வையுங்கள். விதை சேற்றுக்குள் இருபது ஆண்டுவரைகூட முளைப்புத்திறனோடு கிடக்கும். தண்ணீர் இறங்கிய பிறகு ஈரச் சேற்றில் விரல்நீளத்துக்கு நாற்று முளைத்து நிற்கும்; நாலு பேர் ஒரு காலை நேரம் இறங்கினால் வேரோடு பிடுங்கிவிடலாம்.