625 001: மதுரை பின்கோடைப் பிரித்து மேய்வது எப்படி?

தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுத உட்கார்ந்தேன். பாதி உறைகளுக்கு மேல் 625 001 தான். நாற்பதாவது உறையில் ஒரு சந்தேகம்: இது பகா எண்ணோ? ஒற்றைப்படை, கடைசியில் 1, முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. பேனாவும் தாளும் எடுங்கள், பார்த்துவிடலாம்.

முதலில் சின்ன வேலை. கடைசி இலக்கம் 1, ஆக 2, 5 இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டல் 14, அதனால் 3ஆலும் வகுபடாது.

அப்புறம் 7, 11, 13. இந்த மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம், அதற்குப் பின்கோட்டின் நடுவில் நாம் விடும் இடைவெளியே போதும். (1972 ஆகஸ்ட் 15இல் வந்த முறை இது, முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டத்துக்கு, கடைசி மூன்று அஞ்சலகத்துக்கு.) இடப்பக்கம் 625, வலப்பக்கம் 001, வித்தியாசம் 624. இந்த 624 எதனால் வகுபடுகிறதோ, அந்த மூன்றில் அதே எண்ணால் முழு எண்ணும் வகுபடும். ஏன் என்றால் 7×11×13 = 1001, நம் எண்ணோ 625×1001 − 624. 624ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் மீதி 8, ஆனால் 13×48 = 624. மாட்டிக்கொண்டது! 625001 = 13×48077.

அடுத்தது 48077. எதுவரை வகுத்துப் பார்ப்பது? வர்க்கமூலம் வரை போதும்: 219×219 = 47961, 220×220 = 48400, ஆக 219 வரையுள்ள பகா எண்கள். மறுபடி 13இல் தொடங்குங்கள், ஒரே காரணி இரண்டு முறையும் வரலாம் என்பதை நிறைய பேர் மறந்துவிடுவார்கள். 17இல் மீதி 1, கிட்டத்தட்ட வந்து நழுவியது. 101இலும் மீதி 1, வயிற்றெரிச்சல். இருபத்தேழாவது வகுத்தலில்தான் 131 சிக்கியது, 131×367 = 48077.

367 பகா எண்ணா? இங்கே சோம்பேறிகளுக்கு ஒரு பரிசு. 367க்கு ஒரு சின்னக் காரணி இருந்தால் அது 48077க்கும் காரணியாக இருக்கும், ஆனால் 131க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஏற்கெனவே தட்டிக் கழித்தாயிற்று, 367இன் வர்க்கமூலமோ 20ஐக்கூட எட்டாது. ஆகவே பகா எண்தான், புதிதாக ஒரு வகுத்தல்கூட வேண்டாம்.

625001 = 13×131×367. மூன்று வெவ்வேறு பகா எண்கள், எனவே காரணிகள் 2×2×2 = 8. பக்கத்து வீட்டு 625000ஐப் பாருங்கள், வெறும் 2களும் 5களும்தான், 2³×5⁷, அதற்கு 32 காரணிகள்! அடுத்தடுத்த எண்களுக்கு 1ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது என்பதால் நம் ஆளுக்கு அதில் ஒன்றும் பங்கு கிடைக்கவில்லை.

சரி, இப்போது தல்லாகுளம், 625 002. வித்தியாசம் 623, அது 7×89. மிச்சத்தை நீங்களே பிரியுங்கள். கடைசியில் 647 வந்து நின்றால் கணக்கு சரி.