ஒரே டிவி சேனலுக்குள் ஐந்து வயர்லெஸ் மைக்

தைப்பூசக் காவடிக்கு டர்பன் பக்கத்துக் கோவிலில் குருக்களுக்கு ஒரு மைக், பாடுபவர்களுக்கு மூன்று, அறிவிப்புக்கு ஒன்று வேண்டியிருக்கும். ஐந்தையும் 8 மெகாஹெர்ட்ஸுக்குள் அடக்கலாம். இந்த மைக்குகள் டிவி சேனல்களின் காலி இடத்தில் ஓடுபவை; தென்னாப்பிரிக்காவில் ஒரு டிவி சேனலின் அகலம் அவ்வளவுதான்.

முதலில் மைக்கின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால் அந்தச் செட்டை ஒதுக்கிவிடுங்கள். 700, 800 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசா 2022 மார்ச்சில் மொபைல் நிறுவனங்களுக்கு ஏலம் விட்டுவிட்டது. புதிதாக வாங்கும் செட்டுக்கு ஐகாசாவின் ஒப்புதல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஸ்கேன், அதாவது எந்த அலைவரிசை காலி என்று தேடுவது. மைக் எல்லாம் அணைந்திருக்க, எல்ஈடி திரை, விளக்குகள், ஜெனரேட்டர் எல்லாம் ஓட, விழா நடக்கும் இடத்திலேயே ரிசீவரை ஸ்கேன் செய்யவிடுங்கள். திரை ஓடாதபோது எடுத்த ஸ்கேனை நம்ப முடியாது. பல திரைகள் இந்தப் பட்டையிலேயே இரைச்சலைக் கொட்டுகின்றன.

38-ஆம் சேனல், அதாவது 606 முதல் 614 வரை, காலியாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: 607, 608, 609 என்று சம இடைவெளியில் வைத்துவிடுகிறார்கள். அருகருகே இருக்கும் இரண்டு மைக்குகளின் அலைகள் கலந்தால் புது அலைகள் பிறக்கும். 608-ன் இரு மடங்கிலிருந்து 607-ஐக் கழித்தால் 609. மூன்றாவது மைக் நிற்கும் இடமே அதுதான். அந்த மைக்கில் கரகரப்பும் அடுத்தவர் குரலும் கேட்கும். இதற்குப் பெயர் இன்டர்மாடுலேஷன். இடைவெளிகளைச் சமமில்லாமல் வையுங்கள்:

606.5, 607.1, 608.9, 611.9, 613.1

இதில் எந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் வேறு எந்த இரண்டுக்கும் வராது. அதனால் இரண்டு மைக் கலந்தாலும் மூன்று கலந்தாலும், மூன்றாம் படியில் (மேலே 609 வந்தது போல) பிறக்கும் அலை எந்த மைக்கையும் 0.6 மெகாஹெர்ட்ஸுக்குள் நெருங்காது. வேறு சேனல் காலியாக இருந்தால், ஐந்து எண்ணோடும் எட்டு எட்டாகக் கூட்டியோ கழித்தோ அங்கே கொண்டுபோங்கள்.

மைக் அலையை அனுப்பும் சக்தியைக் கூட்டாதீர்கள். எல்லா மைக்கிலும் சக்தியை இரு மடங்காக்கினால் இந்தக் கலப்பு எட்டு மடங்காகும். 10 மில்லிவாட் போதும். சிக்னல் பலவீனமாக இருந்தால் ரிசீவரின் ஆன்டெனாவைப் பாடுபவர்களுக்கு நேராக, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே உயர்த்துங்கள்; மனித உடல் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். ஆன்டெனாவை நீட்ட மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் வேண்டாம், 10 மீட்டரிலேயே பாதிக்கு மேல் சிக்னல் போய்விடும்.

ஓய்வில் இருக்கும் மைக்குகளை ஒரே மேசையில் ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். மியூட் போட்டாலும் பெரும்பாலான மைக் அலையை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். பவரையே அணையுங்கள்.

கடைசியாக, ஐந்தையும் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக அணைத்து அதன் ரிசீவர் மீட்டரைப் பாருங்கள். அணைத்த பிறகும் மீட்டர் ஏறியிருந்தால் அந்த அலைவரிசையில் வேறு ஏதோ அலை இருக்கிறது. அதை மட்டும் மாற்றி, இடைவெளிகளை மறுபடி கணக்குப் போடுங்கள்.