வீட்டை அழகுபடுத்த யோசனை எங்கே தேடுவது? கொழும்பு வீடுகளுக்கு ஒரு செய்முறை

முதன்முதலாக வீட்டை அலங்கரிக்க வெளிக்கிட்டபோது ஒரு இரவு முழுக்கப் பின்டரஸ்ட் என்ற படத் தளத்தில் கிடந்தேன். சாம்பல் நிறச் சுவரும் தடித்த வெள்ளைக் கம்பளமும் உள்ள ஒரு ஹோலின் படத்தில் மயங்கி, மாதச் சம்பளத்தில் பாதியை அதற்குக் கொட்டினேன். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் ஹோலுக்கு ஒரேயொரு யன்னல். அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருக்கும். பெயின்ற் காய்ந்த அன்று அம்மா வந்து வாசலிலேயே நின்றுவிட்டா. "என்ன பிள்ளை, செத்த வீடு மாதிரிக் கிடக்கு?" மே மாத மழை தொடங்கியதும் கம்பளம் ஈர நாய் மாதிரி மணக்கத் தொடங்கியது.

படத்திலிருந்த வீட்டுக்குச் சுவரளவு யன்னல், வெளியே பனி. அந்த வெளிச்சத்தில் சாம்பல் நிறம் அமைதியாகத் தெரியும், அந்தக் குளிருக்குக் கம்பளம் வேண்டும். நான் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், அது அங்கே ஏன் பொருந்தியது என்று யோசிக்கவில்லை. அதனால் இப்போது தலைகீழாகச் செய்கிறேன்: முதலில் அறை, அதற்குப் பிறகுதான் படம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த முறையைக் கீழே எழுதுகிறேன்.

படி 1: ஒரு அறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று படம்

முழு வீட்டையும் தொடாதீர்கள். ஒரு அறையைத் தெரிவு செய்யுங்கள். அந்த அறையின் வாசலில் ஒரே இடத்தில் நின்று காலை 7 மணிக்கு, மதியம் 1 மணிக்கு, பின்னேரம் 5 மணிக்கு என்று போனில் மூன்று படம் எடுங்கள். லைற் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தினமும் இருந்தும் கவனிக்காத சங்கதிகள் தெரியவரும்: எந்த மூலை பகலிலேயே இருட்டு, எந்தக் கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை, எங்கே சாமான் குவிகிறது. சாமான் குவிகிற இடத்தில் ஒரு தட்டோ கொழுவியோ தேவைப்படுகிறது என்று அர்த்தம். அலங்காரத்தை அங்கேயே தொடங்கலாம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் பருவம் மாறுவதை வெப்பமானியில் பார்க்க முடியாது, வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சூடுதான். ஆனால் வெயில் விழும் இடம் மாறும். ஏப்ரல் முதல் பத்து நாட்களுக்குள் ஒரு தடவை, செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவை, நண்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும். கூரைக்குக் கீழே மேல்மாடியில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மேற்கு யன்னல் உள்ள அறையில், ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்து மறைவதால் பின்னேர வெயில் தெற்குச் சுவர்ப் பக்கம் விழும். டிசம்பரில் அது தெற்கே சாய்ந்து மறையும், அப்போது வெயில் வடக்குச் சுவருக்கு வரும். நான் ஜூலையில் "இங்கே வெயில் படாது" என்று நம்பி மாட்டிய குடும்பப் படம் ஒன்று, இரண்டு தைப்பொங்கல் கடந்ததும் மஞ்சளாகிப் போனது. படம் மாட்ட முதல் அந்தச் சுவரை ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒருக்கால் பாருங்கள்.

படி 2: அளவெடுங்கள்

நாடாவை எடுத்து அறையின் நீளம், அகலம், யன்னலின் உயரம், கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். பிளாட்டில் இருப்பவர்கள் லிஃப்ட் கதவின் அகலத்தையும் குறிக்க வேண்டும். சோபாவைக் கீழே வைத்துவிட்டு ஐந்து மாடி பார்த்துப் பெருமூச்சு விட்டவள் சொல்கிறேன். வாடகை வீடென்றால் ஆணி அடிக்கலாமா, நிறம் மாற்றலாமா என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். முற்பணத்தைத் திருப்பித் தரும் நாளில் வரும் சண்டை இதனால்தான்.

படி 3: இப்போது போனை எடுக்கலாம்

"அழகான ஹோல்" என்று தேடினால் உலகத்தின் பணக்கார வீடுகள்தான் வரும். உங்கள் அறையின் குறையைச் சொல்லித் தேடுங்கள்: பத்துக்குப் பத்து படுக்கையறை, ஒரு யன்னல் ஹோல், வாடகை வீடு, ஒடுக்கமான குசினி. அதோடு நம்முடைய காலநிலையையும் சேருங்கள். கேரளம், கோவா, பாலி என்று சேர்த்துத் தேடினால், சூட்டையும் மழையையும் நம்மைப் போலவே தாங்குகிற வீடுகள் வரும். "ட்ரொபிகல் மொடர்னிசம்" (வெப்பநாட்டுக்கு ஏற்ற நவீனக் கட்டடப் பாணி) என்று போட்டால் இலங்கையிலேயே எடுத்த படங்களும் வரும்.

பின்டரஸ்ட்டில் ஒரு படத்தைத் திறந்தால் அதன் மூலையில் தேடல் குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தி, படத்திலுள்ள ஒரு விளக்கையோ கதிரையையோ மட்டும் வட்டமிட்டால் அது போன்றவற்றைக் காட்டும். முழு அறையை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பின்தொடர இது நல்ல வழி.

இருபது படம் சேர்ந்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே "எனக்கு இதில் பிடித்தது என்ன?" என்று ஒரே வரி எழுதுங்கள். எழுத முடியாத படத்தை அழித்துவிடுங்கள். என்னுடைய இருபதில் பதின்மூன்றுக்கு "தரை வெறுமையாக இருக்கிறது" என்றுதான் எழுதியிருந்தேன். எனக்குத் தேவைப்பட்டது சாமான் குறைந்த அறை, அவ்வளவுதான். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

படி 4: காலால் நடந்து பாருங்கள்

படத்தில் தெரியாத இரண்டு விஷயங்கள் அளவும் தொடு உணர்வும். அவற்றுக்காகக் கொழும்புக்குள்ளேயே சில இடங்களுக்குப் போகலாம்.

முதலாவது, கொள்ளுப்பிட்டியில் பகத்தலை வீதியிலிருந்து பிரியும் 33ஆம் ஒழுங்கையில் உள்ள 11ஆம் இலக்க வீடு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) வாழ்ந்த வீடு. வரிசையாக நின்ற நான்கு சின்ன வீடுகளில் ஒன்றை 1958இல் எடுத்து, பத்து வருடத்துக்குள் மற்றவற்றையும் சேர்த்து ஒரே வீடாக்கினார். முன்கூட்டியே பதிவு செய்தால் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். நான்கு பக்கமும் மதில் நெருக்கும் ஒரு காணியில் அவர் வெளிச்சத்தை மேலிருந்து எடுத்திருக்கிறார்: திறந்த சின்ன முற்றங்கள், வெள்ளைச் சுவர்கள், அவற்றுக்கு நடுவே ஒரு பழைய கதவோ சிற்பமோ தனியாக நிற்கும். செட்டிநாட்டு வீட்டுத் தூண்களும் அங்கே உண்டு. எங்கோ இடித்த வீட்டின் தூணை எடுத்து நகரத்து வீட்டின் நடுவில் நிறுத்தலாம் என்ற துணிவுதான் எனக்குப் பிடித்தது. நம்மிடம் தூண் இல்லை, ஊரில் அம்மம்மாவின் வீட்டிலிருந்து வந்த உரலோ குத்துவிளக்கோ இருக்கும். அதைச் சாமான்களுக்குள் ஒளிக்காமல் வெறும் சுவருக்கு முன்னால் தனியே வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேசன். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த பழைய வீடு. 1943இல் உருவான நவீன ஓவியர் அமைப்பான '43 குழு'வினரின் படங்கள் அங்கே வீட்டு அறைகளில் தொங்குகின்றன. எந்தக் கதிரைக்கு மேல் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நம்மில் அனேகர் படங்களைக் கூரைக்குக் கிட்ட, சாய்த்து, கழுத்து நோகிற உயரத்தில் மாட்டுகிறோம். நின்றால் கண்ணுக்கு நேர், இருந்து பார்க்கிற இடமென்றால் அதைவிடக் கொஞ்சம் கீழே மாட்டுங்கள், போதும்.

நிறங்களுக்குக் காலி வீதியில் உள்ள பெயார்ஃபுட். பார்பரா சன்சோனி தொடங்கிய கைத்தறிக் கடை. விலை பார்த்துப் பயப்படாதீர்கள், பார்ப்பதற்குக் காசில்லை. செம்மஞ்சளையும் ரோசாவையும் பக்கத்தில் வைத்தால் சண்டை பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே அவை ஒரே துணியில் சிநேகிதமாக இருக்கின்றன, இடையில் ஒரு மெல்லிய கோடு கருநீலமோ பச்சையோ ஓடுகிறது. அந்தக் கோடுதான் சூட்சுமம். நம்முடைய காஞ்சிபுரம் சேலையின் உடலுக்கும் கரைக்கும் இடையில் நடப்பதும் இதுதான். அலுமாரியைத் திறந்து உங்களுக்குப் பிடித்த சேலையை எடுத்து விரியுங்கள், ஹோலுக்குத் தேவையான மூன்று நிறமும் அதிலேயே கிடைக்கும்.

ஓலை, பாய் வேலைகளுக்கு அரச கைப்பணிக் கடையான லக்சலவும், பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையமும். கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மினெட் டி சில்வா என்ற கட்டடக் கலைஞர் அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே, தான் கட்டிய வீட்டின் கதவுகளில் அந்தப் பாயைப் பதித்திருந்தார். தரையில் விரிப்பதைச் சுவருக்குக் கொண்டுபோனால் அது ஓவியமாகிவிடும். கடகம், சுளகு, நீத்துப்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஓவியம் வாங்க ஆசையென்றால், ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் கலா பொலவுக்குப் போங்கள். 1993இல் தொடங்கிய தெருவோர ஓவியச் சந்தை அது. துணிக்குப் புறக்கோட்டை. அங்கே போகும்போது சுவரின் நிறம் பூசிய ஒரு மட்டைத் துண்டைக் கைப்பையில் வையுங்கள். கடை ரியூப் லைற்றுக்குக் கீழே ஞாபகத்தை நம்பி வாங்கிய துணி வீட்டில் வேறு நிறம்.

படி 5: அறைக்கு அறை

ஹோலில் முதலில் மாற்ற வேண்டியது பல்ப். நம் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம், ஆஸ்பத்திரி வார்ட் மாதிரி. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். பெட்டியில் 2700 அல்லது 3000 என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்கி, உச்சியில் ஒன்றுக்குப் பதிலாக மூலையில் ஒரு மேசை விளக்கில் போடுங்கள். பெயின்ற் வாளியைத் தொடாமலே அறை மாறிவிடும்.

படுக்கையறையில் திரைச்சீலைக் கம்பியை யன்னல் சட்டத்துக்கு ஒரு அடி மேலே பொருத்தி, துணி தரையைத் தொடும் அளவுக்கு இறக்குங்கள். தாழ்ந்த கூரை உயர்ந்தது போலத் தெரியும். கடலோரம் இருப்பவர்கள் இரும்புக் கம்பி வாங்காதீர்கள். உப்புக் காற்று ஒரு வருடத்தில் துருவைத் துணியில் எழுதிவிடும்.

குசினிக்கு அலங்காரம் தேவையில்லை என்பது என் கட்சி. புளி போட்டு மினுக்கிய பித்தளைச் செம்பு இரண்டை மேல் தட்டில் வையுங்கள், முடிந்தது. சுவாமி அறையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள், அதில் நாங்கள் வாய் வைத்தால் வீண் வாக்குவாதம்.

பல்கனியில் செடி வைக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். கொழும்பில் டெங்கு எப்போதும் இருக்கிறது. சாடிக்குக் கீழே உள்ள தட்டில் தேங்கும் நீரும், மணிப்பிளான்ட் போட்ட கண்ணாடிப் போத்தலும் நுளம்புக்குத் தொட்டில். போத்தல் தண்ணீரை வாரம் ஒருமுறை வெளியே ஊற்றிவிட்டு, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தட்டுகளில் மணல் நிரப்பினால் இன்னும் நல்லது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால் வழக்குவரை போகும்.

படி 6: செலவுக்கு முதல் ஒரு ஒத்திகை

நிறத்தை இரண்டடிக்கு இரண்டடி மட்டையில் இரண்டு தடவை பூசி, மூன்று நாள் சுவர் சுவராக நகர்த்திப் பாருங்கள். மேசை, சோபா வாங்க முதல் பழைய வீரகேசரித் தாள்களை அதே அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து ஒரு நாள் அதைச் சுற்றி நடவுங்கள். எங்கள் வீட்டில் இவர் இரண்டு தரம் அந்தத் தாளில் தடுக்கினார். அந்த மேசை வாங்கவில்லை.

படி 7: பருவத்துக்கு ஒரு பெட்டி

வெளிநாட்டுப் படங்களில் இலையுதிர் காலமென்று பூசணிக்காயும் செம்மஞ்சள் இலையும் அடுக்கியிருப்பார்கள். நமக்கு மழையும் திருநாளும்தான் காலக்கணக்கு. நான் மூன்றாகப் பிரித்திருக்கிறேன்.

தையிலிருந்து சித்திரை வரை வெயில் காலம். தடித்த துணி எல்லாவற்றையும் கழற்றி, வெள்ளைப் பருத்தி உறைகளும் பனையோலைப் பாயும். பொங்கலுக்கு வாசலில் மாவிலை, சித்திரைப் புத்தாண்டுக்குப் பித்தளைப் பாத்திரத்தில் மல்லிகையும் மாம்பழமும்.

மேயில் தென்மேல் பருவமழை வரும். வெளியே ஒரே சாம்பல் வானம், அதனால் உள்ளே மஞ்சளும் சிவப்பும் வேண்டும். குஷன் உறைகளை மாற்றுவதோடு சரி. அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள், பின்னால் காற்றோடாவிட்டால் பங்கசு பிடிக்கும். அயலவர் வெசாக் கூடு தொங்கவிடும் நாட்களில், மெல்லிய தாளுக்குள் ஒரு விளக்கு எவ்வளவு அழகாக நிற்கிறது என்று பார்த்துவிட்டு, நானும் ஒரு கூட்டை வாங்கி வருடம் முழுக்கப் படிக்கும் மூலையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

புரட்டாசியிலிருந்து மார்கழி வரை திருநாள் காலம், இடையில் ஐப்பசி கார்த்திகை மழை. கொலு வைக்கிற வீடென்றால் அந்தப் படிகளைக் கவனியுங்கள்: உயரமானது பின்னால், சிறியது முன்னால், நடுவில் கண் நிற்க ஒரு பெரிய பொம்மை. புத்தகத் தட்டை அடுக்குவதற்கும் அதுவே பாடம். தீபாவளி, விளக்கீடு, நத்தார் மூன்றுக்கும் ஒரே மண்விளக்குத் தொகுதியும் ஒரே மின்விளக்குச் சரமும் போதும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. மாற்றிய உறைகளைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த வேப்பிலை ஒரு பிடி போட்டு மூடுங்கள். கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை மூடி வைத்தால், பொங்கலுக்குத் திறக்கும்போது கறுப்புப் புள்ளிகள்தான் இருக்கும்.