கடைக் கடிதம் சான்றாகாது: பார்வைச் செயலாக்கச் சிரமமுள்ள பல்கலைக்கழக மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் அக்டோபரிலும் என்னிடம் வரும் முதலாண்டு மாணவர்களில் இரண்டு மூன்று பேராவது, 19 வயதில் நான் செய்த அதே தவற்றைச் செய்துவிட்டே வருகிறார்கள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கற்றல் துணை ஆசிரியராக 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். படிக்கும் காலத்தில் இதே உதவிக்காக அலைந்தவள் என்பதால் இரண்டு பக்கத்தையும் அறிவேன். சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவி, இளநீல வில்லை பொருத்திய கண்ணாடியையும் அதை விற்ற கடை கொடுத்த கடிதத்தையும் மேசையில் வைத்து, "அக்கா, இதை அனுப்பினால் உதவித்தொகை கிடைக்கும்தானே?" என்று கேட்டார். கிடைக்காது என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தக் கண்ணாடிக்காக அவருடைய அம்மா சீட்டுக் காசை எடுத்திருந்தார்.

கடைசித் தேதியைத் தவறவிடுவது, படிவத்தில் கையொப்பமிட மறப்பது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்வைச் செயலாக்கச் சிரமம் என்று இங்கே நான் குறிப்பிடுவது, பார்வைக் கூர்மை சரியாக இருந்தும் கண் கொண்டுவரும் தகவலை ஒழுங்குபடுத்துவதில் மூளைக்கு அதிக நேரமும் உழைப்பும் தேவைப்படும் நிலையை. வரி தாவுதல், அட்டவணையில் பத்தி மாறிப் படித்தல், நெருக்கமாக அச்சிட்ட எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாகத் தோன்றுதல், ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தும் பொருள் நில்லாமை ஆகியவை இதன் அடையாளங்கள். இத்தகைய மாணவர்களுக்கு இங்கே அரசு வழங்குவது 'மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை'; எல்லோரும் டி.எஸ்.ஏ. என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டுக்கு இதன் உச்சவரம்பு 27,783 பவுண்டு. அவ்வளவும் மாணவரின் கைக்கு வருவதில்லை. எவருக்கு எது தேவையென்று மதிப்பிடப்படுகிறதோ, அதற்கான செலவு பெரும்பாலும் பொருளையோ சேவையையோ வழங்குவோருக்கு நேராகச் செலுத்தப்படும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகளும் விதிகளும் உண்டு. நான் எழுதுவது இங்கிலாந்து நடைமுறையை வைத்து.

கண்ணாடிக் கடையின் கடிதத்தைக் கண்டறிதல் அறிக்கை என்று நம்புவது

என் இரண்டாம் ஆண்டில், உயிர்வேதியியல் பாடநூலின் அட்டவணைகள் எனக்குப் பிடிபடாமல் போயின. ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு நகரில் இருந்த ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே வெவ்வேறு வண்ணப் படலத் தாள்களை ஒரு பக்கத்தின் மீது வைத்து, எதில் எழுத்து அசையாமல் நிற்கிறது என்று கேட்டார்கள். வெளிர் பச்சை என்றேன். அந்த நிறத்தில் வில்லை செய்து, எனக்குப் 'பார்வை அழுத்தம்' இருப்பதாக அரைப் பக்கக் கடிதமும் கொடுத்தார்கள். மூன்று மாதம் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம் அதற்கே போயிற்று. கடிதத்தை இணைத்து டி.எஸ்.ஏ.வுக்கு விண்ணப்பித்தேன். சான்று போதாது என்று பதில் வந்தபோது ஜனவரி முடிந்திருந்தது, என் முதல் பருவத் தேர்வுகளும் முடிந்திருந்தன.

அந்தக் கடிதம் ஏன் போதவில்லை என்பதை அப்போது எவரும் எனக்கு விளக்கவில்லை. வாசிப்பு, எழுத்து, தகவல் கையாளும் வேகம் சார்ந்த சிரமத்தைக் குறிப்பான கற்றல் குறைபாடாகக் காட்டி விண்ணப்பிப்பவர், உரிய தொழில் மன்றத்தில் பதிவு பெற்ற உளவியலாளரோ, மதிப்பீடு செய்வதற்கான தொழிற்சான்றிதழ் வைத்திருக்கும் சிறப்பாசிரியரோ எழுதிய முழுமையான கண்டறிதல் அறிக்கையைத் தர வேண்டும். அந்த அறிக்கைக்கான சோதனைகள் சில மணி நேரம் நடக்கும். சொல் வாசிப்பு, பத்தி வாசிப்பு, எழுதும் வேகம், செயல் நினைவு, ஒலி, வடிவம் ஆகியவற்றைக் கையாளும் திறன் என ஒவ்வொன்றும் அளக்கப்பட்டு, அந்த வயதினரின் சராசரியோடு ஒப்பிடப்படும். மூளைக் காயம், மூளைசார் பார்வைக் குறைபாடு போன்ற மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு மருத்துவரின் சான்று போதும். அதில் அந்நிலை 12 மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பது என்பதும் அது படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்பதும் இருக்க வேண்டும். ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் சொல்லும் கடிதம் இந்த இரண்டு வழிகளில் எதிலும் சேராது.

வண்ண வில்லையைப் பற்றிய அறிவியலையும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. வண்ணம் வாசிப்பை எளிதாக்கும் என்ற கருத்து 1980களின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் ஒலிவ் மியர்ஸ், அமெரிக்காவின் ஹெலன் அர்லன் ஆகியோர் வழியாகப் பரவியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட அறிக்கை, வாசிப்புக் குறைபாட்டுக்கு வண்ண வில்லைகளைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2016இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையான மறுஆய்வும், அதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பக்கச்சார்புக்கு இடம் தருபவை என்று கண்டு, அதே முடிவுக்கே வந்தது. வண்ணத் தாள் வைத்தால் பக்கத்தின் கூச்சம் குறைகிறது என்று சொல்லும் மாணவர்களை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. சில பவுண்டுக்கு ஒரு தாள் கிடைக்கும், கணினித் திரையின் பின்னணி நிறத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. அவ்வாறு தானே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றுக்கு, ஒரு மாணவரின் அரையாண்டுச் சேமிப்பைக் கேட்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. என் இரண்டு கண்களும் அருகிலுள்ள எழுத்தின் மீது ஒன்றாகக் குவியவில்லை என்பதை அந்த வில்லை ஓராண்டு மறைத்து வைத்தது. மூன்றாம் ஆண்டில் என் பேராசிரியர் ஒருவர் வற்புறுத்தியதால் முழுமையான கண் பரிசோதனைக்குப் போனேன். அங்கிருந்து மருத்துவமனையின் கண்ணசைவுச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே கொடுத்த குவிவுப் பயிற்சிகளால் இரட்டையாகத் தெரிவதும் மாலைத் தலைவலியும் நின்றன. வரி தாவுவது மட்டும் நிற்கவில்லை. அதன் காரணம் வேறு என்று பிறகு வந்த உளவியலாளரின் அறிக்கை காட்டியது. சிரமம் இரண்டு, தீர்வும் இரண்டு. பச்சை வில்லை அவற்றில் எதையும் தொடவில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் செய்ய வேண்டியது, இரு கண்களின் ஒருங்கிணைவையும் சேர்த்துப் பார்க்கும் கண் பரிசோதனை. முழுநேரம் படிக்கும் 19 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தேசிய சுகாதார சேவையில் இது இலவசம். அந்த வயதைக் கடந்தவர்கள் குறைந்த வருமானத் திட்டத்தில் எச்.சி.1 படிவம் அனுப்பலாம், எச்.சி.2 சான்றிதழ் கிடைத்தால் அவர்களுக்கும் இலவசமே. அதன் பிறகும் சிரமம் இருந்தால் கண்டறிதல் அறிக்கைக்குப் போக வேண்டும். அந்த அறிக்கைக்கான சில நூறு பவுண்டை டி.எஸ்.ஏ. தராது, ஆனால் முழுச் செலவையோ ஒரு பகுதியையோ ஏற்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. கேட்காமல் கைக்காசைக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக் காலத்து அறிக்கை எவரிடமாவது இருந்தால், அது 16 வயதுக்கு முன் எழுதப்பட்டது என்பதற்காகத் தூக்கிப் போடக் கூடாது. அந்த வயது நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. 2018 முதல், கண்டறிதல் மதிப்பீட்டாளர்கள் தாமே வண்ணத் தாள் சோதித்துப் பரிந்துரைப்பதில்லை. பார்வைச் சிரமம் குறித்த வினாப்பட்டியலைக் கேட்டு, தேவைப்பட்டால் கண் பரிசோதகரிடம் அனுப்புகிறார்கள். தொழிலில் இருப்பவர்களே இந்தக் கோட்டை வரைந்துவிட்ட பிறகும் மாணவர்கள் அதே கடையின் வாசலில் நிற்பதைக் காணும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஒப்புதலுக்கு முன் வாங்குவது

செலவழித்த பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். எந்தக் கருவியும் துணையும் வேண்டும் என்று பார்க்கும் தேவை மதிப்பீடு முடிந்து ஒப்புதல் கடிதம் வரும் வரை ரசீதுகளைச் சேர்த்து வைத்துப் பயனில்லை. புதிய மடிக்கணினி தேவையென்று ஒப்புதல் வந்தாலும் முதல் 200 பவுண்டு மாணவருடையதே என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடன் என்று அஞ்சி ஒதுங்குவது

இது கடன் அல்ல; பெற்றோரின் வருமானமும் பார்க்கப்படாது.

தேவை மதிப்பீட்டில் "சமாளித்துக்கொள்கிறேன்" என்பது

கண்டறிதல் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு, எந்தக் கருவியும் எந்தத் துணையும் வேண்டும் என்று தீர்மானிக்க மதிப்பீட்டாளர் ஒருவர் மாணவரோடு உரையாடுவார். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள். வெளியாரிடம் குறையைச் சொல்லக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள், "ஓரளவு படிப்பேன், பரவாயில்லை" என்கிறார்கள்; மதிப்பீட்டாளரும் அதையே எழுதிக்கொள்கிறார். எழுதப்படாத தேவைக்கு நிதி இல்லை.

என்னிடம் வருபவர்களை அந்த உரையாடலுக்கு முந்தைய வாரத்தில் ஒரு குறிப்பேடு வைக்கச் சொல்வேன். 20 பக்கக் கட்டுரையைப் படிக்க எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை முறை வரி தவறியது, விரிவுரையில் திரையைப் பார்த்து எழுதும்போது எது விட்டுப்போனது, ஆய்வகத்தில் எந்த எண்ணைப் பிழையாகக் குறித்தார்கள் என்பவற்றை அன்றன்றே எழுத வேண்டும். "படிக்கக் கஷ்டம்" என்ற சொல்லிலிருந்து எந்த மதிப்பீட்டாளராலும் பரிந்துரை எழுத முடியாது; "இரண்டு பத்தி அச்சில் வலப்பத்திக்குத் தாவிவிடுகிறேன், 20 பக்கத்துக்கு ஐந்து மணி நேரம்" என்ற வரியிலிருந்து உரக்க வாசிக்கும் மென்பொருளும் இரண்டாவது திரையும் பிறக்கும்.

மென்பொருள் வந்தபின் பயிற்சியை மறுப்பது

உதவித்தொகையில் வரும் மென்பொருளை இயக்கப் பழக்கும் பயிற்சிக்கும் அதிலேயே நிதி உண்டு. மென்பொருளை ஏற்றுக்கொண்டு பயிற்சியை வேண்டாம் என்பவர்கள், ரீட் அன்ட் ரைட், கிளாரோரீட் போன்றவற்றை ஒருமுறை திறந்து, வேகமாகப் பேசும் அந்நியக் குரலைக் கேட்டு மிரண்டு மூடிவிடுகிறார்கள். குரலின் வேகத்தைக் குறைப்பதும், வாசிக்கும் சொல் மட்டும் ஒளிரச் செய்வதும், கண்ணால் தொடர்ந்துகொண்டே கேட்பதும் ஓரிரு வாரம் பழக வேண்டியவை. நான் நான்காவது வாரத்தில்தான் அதை நம்பத் தொடங்கினேன்.

ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வேர்ட் செயலியில் உள்ள ஆழ்ந்த வாசிப்பு வசதி ஒரு வரியை மட்டும் காட்டி மற்றவற்றை மறைக்கும், எழுத்துகளுக்கு இடைவெளி கூட்டும், உரக்க வாசிக்கவும் செய்யும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எழுத்தளவை 12 முதல் 14 புள்ளி வரையிலும் வரி இடைவெளியை ஒன்றரையாகவும் வைத்து, வலது ஓரத்தைச் சமப்படுத்தாமல் விட்டாலே நெருக்கம் பெருமளவு தளரும். எழுத்து இடைவெளியைக் கூட்டினால் வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைகளின் பிழைகள் குறைகின்றன என்று இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 'வாசிப்புக் குறைபாட்டுக்கான சிறப்பு எழுத்துரு' என்று விற்கப்படுவனவற்றில் ஏதேனும் பயன் தெரிந்தால், அது பெரும்பாலும் அந்த இடைவெளியால் வருவதே.

ஸ்கேன் படத்தை மென்பொருளிடம் கொடுப்பது

வாசிப்பு மென்பொருள் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்பவர்களின் கோப்பைத் திறந்து பார்த்தால், பாதி நேரம் அது நூலின் ஒளிப்படம். சுட்டியால் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியவில்லையென்றால், அதை எந்தக் குரலும் வாசிக்காது. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் வழியாக முதலில் உரையாக மாற்ற வேண்டும். தானே ஸ்கேன் செய்து இரவெல்லாம் திருத்துவதற்கு முன் நூலகத்திடம் கேட்க வேண்டும். 2014இல் திருத்தப்பட்ட பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அணுகத்தக்க பிரதி எடுக்க இடம் தருகிறது. அச்சு வாசிக்கச் சிரமப்படும் மாணவர்களுக்கு பார்வையற்றோருக்கான தொண்டு நிறுவனமான ஆர்.என்.ஐ.பி.யின் புக்ஷேர் இணைய நூலகம் பாடநூல்களை மின்வடிவில் இலவசமாகவே தருகிறது. பார்வையற்றவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி அதில் பதிவு செய்யாதவர்கள் பலர். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

கூடுதல் தேர்வு நேரமும் டி.எஸ்.ஏ.விலேயே வரும் என்று இருப்பது

வராது. பல்கலைக்கழகத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

மாணவர் விசாவில் வந்து, உதவியே இல்லை என்று விட்டுவிடுவது

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர் விசாவில் வருபவர்களுக்கு டி.எஸ்.ஏ. கிடையாது, இதை நான் சொல்லும்போது முகம் வாடி எழுந்து போய்விடுகிறார்கள். அகதி நிலையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்றவர்களின் நிலை வேறு, அவர்கள் தகுதி விதிகளை வரிவரியாகப் பார்க்க வேண்டும். விசாவில் வந்தவர்களுக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தும். நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. மாணவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. விரிவுரைக் குறிப்புகளை முன்கூட்டியே தருவது, ஒலிப்பதிவுக்கு அனுமதி, பல்கலைக்கழக உரிமத்தில் உள்ள வாசிப்பு மென்பொருள், கூடுதல் தேர்வு நேரம் ஆகியவற்றை இந்த வழியில் கேட்கலாம்.

திருச்சியிலிருந்து முதுகலை படிக்க வந்த ஒரு மாணவர், பள்ளி நாளில் எழுதப்பட்ட அறிக்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அது வெளிநாட்டில் செல்லாது என்று அவராகவே முடிவு செய்திருந்தார். உடனே அனுப்பச் சொல்லும்படி கேட்டேன். 14 பக்கம், ஒவ்வொரு சோதனையின் மதிப்பெண்ணும் அதில் இருந்தது. எங்கள் பிரிவு அதை ஏற்றுக்கொண்டு, மே மாதத் தேர்வுகளுக்கு அவருக்கு 25 சதவீதக் கூடுதல் நேரம் ஒதுக்கியது.