மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்கில் எச்ஐடி பல்பு பொருத்தும் முறை
எச்ஐடி என்பது இழைக்குப் பதிலாக வாயுவினூடே பாயும் மின்வில்லால் ஒளிரும் பல்பு. அதை வாங்குவதற்கு முன் விளக்கின் கூட்டைப் பாருங்கள். ஹாலோஜனுக்காக வடிவமைக்கப்பட்ட ரிஃப்ளெக்டரில் (ஒளியை முன்னோக்கித் திருப்பும் பளபளப்பான கிண்ணத்தில்) எச்ஐடி பல்பை மாட்டினால், ஒளி பிறக்கும் இடமும் அதன் வடிவமும் மாறுவதால் கற்றை சிதறி, எதிரே வருபவரின் கண்களைக் கூசச் செய்யும். ஆகவே ஒளியைக் குவித்துக் கட்டுப்படுத்தும் தகுந்த புரொஜெக்டர் லென்ஸ் இல்லாத வண்டியில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எச்4 வகை ஹாலோஜன் பல்பு 55 அல்லது 60 வாட் எடுக்க, எச்ஐடி வழக்கமாக 35 வாட்டில் இயங்குகிறது. எனினும் எரியத் தொடங்கும்போது மின்னோட்டம் வெகுவாக உயர்வதால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத் தனி வயர் இழுக்க வேண்டும். சில சிறிய வண்டிகளில் விளக்குக்கு ஏசி (மாறுதிசை) மின்சாரமே வருகிறது. அதில் டிசிக்கான (நேர்திசை மின்சாரத்துக்கான) பாலாஸ்டை, அதாவது பல்பைப் பற்றவைத்து அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை, நேரடியாக இணைக்கலாகாது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பின்பே வேலையைத் தொடங்குங்கள். பல்பைப் பற்றவைக்க பாலாஸ்ட் ஏறத்தாழ 20,000 வோல்ட் வரை எழுப்புவதால், விளக்கு எரியும்போது இணைப்புகளைத் தொடுவது பேராபத்து. கண்ணாடியில் விரல் படாமல் பல்பை மாட்டி, பாலாஸ்டை நீரும் எஞ்சின் சூடும் எட்டாத இடத்தில், ஹேண்டில்பார் திரும்பும்போது வயர் இழுபடாதவாறு இறுக்குங்கள். நிறவெப்பநிலை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) 4300 கெல்வின் போதும். இந்த எண் உயர்ந்து நீலம் கூடக்கூடப் பயன்படும் வெளிச்சம் குறையும். இறுதியாக, ஓட்டுபவர் வண்டியில் அமர்ந்த நிலையில், எதிர்ச்சுவரில் லோ பீமின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழுமாறு சரிசெய்யுங்கள்.