கிறிஸ்துமஸ் நம்பர் ஒன் பந்தயத்தில் ஒரு கவர் பாடலை இறக்குவது எப்படி

2008 டிசம்பர் 21 அன்று வெளியான பிரிட்டன் சிங்கிள்ஸ் சார்ட்டில் (தனிப்பாடல்களின் வாராந்திர விற்பனைத் தரவரிசை) முதலிடத்தில் 'ஹல்லேலூயா', இரண்டாமிடத்தில் 'ஹல்லேலூயா', 36-ஆம் இடத்திலும் 'ஹல்லேலூயா'. முதலிடம், அந்த ஆண்டு எக்ஸ் ஃபேக்டர் என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்ற அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடியதற்கு. ஒரே வாரத்தில் 5,76,046 பிரதிகள் போயின. இரண்டாமிடம் ஜெஃப் பக்லியின் 1994 பதிவுக்கு. 36-இல் இருந்தது, பாட்டை எழுதிய லியோனார்ட் கோஹனே 1984-இல் பாடி வெளியிட்டது. ஒரே பாட்டு முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது அதற்கு முன்பு 1957-இல்தான். டாமி ஸ்டீலும் கை மிட்செலும் 'சிங்கிங் தி ப்ளூஸ்' பாட்டோடு மோதிய சமயம் அது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தச் சார்ட்டின் முதலிடத்தைப் பிடிக்க நடப்பதுதான் இந்தப் பந்தயம். இதில் புதிய கவர் ஒன்றை, அதாவது வேறொருவரின் பாட்டைத் திரும்பப் பாடிய பதிவை, இறக்க நினைக்கிற குழுவுக்கும், பழைய பதிவு ஒன்றை மேலே தூக்கிவிட நினைக்கிற ரசிகர்களுக்கும் வேண்டிய விவரங்கள் கீழே. இரண்டு தரப்புக்கும் அடிப்படை விதி ஒன்றே: வெவ்வேறு கலைஞர்கள் பாடியவை ஒரே பாட்டாக இருந்தாலும் சார்ட்டில் தனித்தனியாகவே எண்ணப்படும். பக்லிக்குப் போன விற்பனையில் ஒரு பிரதிகூட கோஹன் கணக்கில் ஏறாது. பெரும்பாலான பிரச்சாரங்கள் சறுக்குவது இதை மறப்பதால்தான்.

முதலில் பதிவை முடிவு செய்யுங்கள்

1987 டிசம்பரில் ரிக் ஆஸ்ட்லி 'வென் ஐ ஃபால் இன் லவ்' பாட்டின் கவரை வெளியிட்டார். அதே நேரத்தில் நாட் கிங் கோலின் பழைய பதிவும் மீண்டும் கடைக்கு வந்தது. ஆஸ்ட்லி இரண்டாமிடத்துக்கு மேல் போகவில்லை, கோல் நான்காமிடம் வரை வந்தார். கிறிஸ்துமஸ் நம்பர் ஒன்னைத் தட்டிச் சென்றது பெட் ஷாப் பாய்ஸ், அதுவும் 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' என்கிற வேறொரு கவரை வைத்து. தேர்தலில் ஓட்டு பிரிவதைப் போலத்தான் இதுவும்.

எக்ஸ் ஃபேக்டர் பாட்டுக்கு எதிராக 2009-இல் இருந்த பெரிய பிரச்சாரம் ஒன்றுதான். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் பழைய பாட்டு 5,02,672 பிரதிகளோடு ஜெயித்தது; எக்ஸ் ஃபேக்டரில் வென்ற ஜோ மெக்எல்டெரி பாடிய 'தி க்ளைம்ப்' கவர் 4,50,838-இல் நின்றது. அடுத்த ஆண்டு அதே எதிர்ப்பு மூன்று பக்கம் சிதறியது. பிஃபி க்ளைரோ குழுவின் 'மெனி ஆஃப் ஹாரர்' பாட்டைத்தான் அந்த ஆண்டு எக்ஸ் ஃபேக்டர் வெற்றியாளர் மாட் கார்டில் 'வென் வி கொலைட்' என்று பெயர் மாற்றிப் பாடி முதலிடம் பிடித்திருந்தார்; மூலப் பதிவை ரசிகர்கள் தூக்கிவிட்டும் அது 8-ஆம் இடத்தோடு நின்றது. இன்னொரு பிரச்சாரம் தூக்கிவிட்ட 'சர்ஃபின் பேர்ட்' பாட்டுக்கு 3-ஆம் இடம். ஜான் கேஜின் 4 நிமிடம் 33 வினாடி மௌனத்தைப் பதிவு செய்து இறக்கியவர்களுக்கு 21-ஆம் இடம். ஆகவே களத்தில் ஏற்கெனவே ஒரு பிரச்சாரம் ஓடுகிறதென்றால் அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். புதிதாக இன்னொன்று தொடங்குவது எதிராளிக்குச் செய்யும் உதவி.

தேர்ந்தெடுத்த பதிவின் மாஸ்டர் உரிமை, அதாவது ஒலிப்பதிவின் சொந்த உரிமை, யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். 2008-இல் பர்க், பக்லி இரண்டு பதிவுகளும் சோனி குழும லேபிள்களுடையவை. 2009-இலும் இரண்டு தரப்பும் சோனிதான். ஒரு நிறுவனத்தின் ஆதிக்கத்தை எதிர்ப்பதே உங்கள் நோக்கமென்றால், வாங்குபவரின் காசு எங்கே போய்ச் சேர்கிறது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

உரிமமும் பதிவு எண்ணும்

பிரிட்டனில் ஏற்கெனவே வெளியான பாட்டை, வரியும் மெட்டும் மாறாமல் பாடிப் பதிவு செய்ய எழுதியவரிடம் நேரடி அனுமதி வாங்கத் தேவையில்லை. சிடி அச்சிட்டால் பாட்டெழுதியவர்கள் சார்பில் உரிமம் தரும் எம்.சி.பி.எஸ். அமைப்பிடம் மெக்கானிக்கல் லைசென்ஸ் (பாட்டைப் பிரதி எடுக்கும் உரிமம்) எடுக்க வேண்டும். வழக்கமான விகிதம், கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையில் 8.5 சதவீதம். அந்த விலை 2 பவுண்டு என்றால் 500 சிடிக்கு 85 பவுண்டு, வரி தனி. டவுன்லோட், ஸ்ட்ரீமிங் இரண்டுக்கும் பிரிட்டனில் பாட்டெழுதியவரின் பங்கை அந்தந்தச் சேவை நிறுவனமே கட்டிவிடுகிறது. ஆனால் அதே டவுன்லோடை அமெரிக்காவிலும் விற்பனைக்கு விட்டால், அங்கே லைசென்ஸ் எடுப்பது உங்கள் பொறுப்பு. பாட்டை இணையக் கடைகளுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் 'இது கவர்' என்று குறிக்காமல் விடுவதால் எத்தனையோ பாட்டுகள் சரியாகப் பந்தய வாரத்தில் கடையிலிருந்து இறக்கப்படுகின்றன.

வரியை மாற்றினால் கதையே வேறு. யூடியூபர் லேட்பேபி 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் முதலிடம் பிடித்தது பழைய பாட்டுகளில் சாசேஜ் ரோல் வரிகளையும் உணவு வங்கியையும் நுழைத்துத்தான். இந்த மாதிரி வரி மாற்றத்துக்குப் பதிப்பக நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி கட்டாயம். ஒரு பாட்டை நான்கு பேர் எழுதியிருந்தால் நான்கு தரப்பும் சம்மதிக்க வேண்டும். செப்டம்பரிலேயே கேட்கத் தொடங்குங்கள். நவம்பரில் கேட்டால் பதில் வருவதற்குள் பொங்கல் வந்துவிடும்.

ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு வேண்டும். பிரிட்டனில் அதை பி.பி.எல். அமைப்பு தருகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் மூலமாகவும் கிடைக்கும். விற்பனை பதிவாவது இந்த எண்ணின் கீழ்தான். ரேடியோ எடிட், முழுநீளப் பதிப்பு, பியானோ பதிப்பு என்று மூன்று விட்டால் மூன்றுக்கும் தனி எண் வரும். ஒரே கலைஞரின் பதிப்புகளைச் சேர்த்து எண்ண விதியில் இடமுண்டு, ஆனால் கலைஞர் பெயரும் பாட்டின் பெயரும் எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் '& கொயர்' என்றும் இன்னொன்றில் 'வித் கொயர்' என்றும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சின்னக் குழு ஒரே பதிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பாட்டின் நீளத்தைப் பற்றி ஒரு சொல். பக்லியின் பதிவு ஏறத்தாழ ஏழு நிமிடம். பர்க்குடையது அதில் பாதிதான், கடைசியில் கொயரும் சுதி ஏற்றமும் உண்டு. கலையாக நம் ஓட்டு பக்லிக்கே. ஆனால் ஸ்ட்ரீம் கணக்கில் ஏற 30 வினாடி ஓட வேண்டும். புதிய கவரில் குரல் முதல் பத்துப் பதினைந்து வினாடிக்குள் வந்துவிட்டால் பாதியில் தாண்டிப் போகிறவர்கள் குறைவார்கள்.

நாள் கணக்கு

சார்ட் வாரம் வெள்ளி நள்ளிரவு 00:00-க்குத் தொடங்கி வியாழன் 23:59-க்கு முடிகிறது, பிரிட்டன் நேரப்படி. முடிவு வெள்ளி மாலை பிபிசி ரேடியோ 1-இல் வரும். கிறிஸ்துமஸுக்கு முன்பு கடைசியாக அறிவிக்கப்படும் சார்ட்தான் பந்தய சார்ட். 25-ஆம் தேதியே வெள்ளியாக வந்தால், 2015-இலும் 2020-இலும் போல அன்றே அறிவிப்பு. 2026-இலும் 25 வெள்ளிதான். அந்தக் கணக்கில் எண்ணும் வாரம் டிசம்பர் 18 முதல் 24 வரை.

2015 ஜூலைக்கு முன்பு வாரம் ஞாயிறன்று தொடங்கியது. 2008-இல் எக்ஸ் ஃபேக்டர் இறுதிச் சுற்று சனிக்கிழமை இரவு முடிந்தது, நள்ளிரவில் டவுன்லோட் கடைக்கு வந்தது, ஏழு நாளும் முழுசாகக் கிடைத்தன. பர்க்கின் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். நீங்களும் அப்படித்தான் பொருத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை வெளியிட்டால் நான்கு நாள் போச்சு. பாட்டு கடைக்கு நவம்பர் நடுவிலேயே போய்ச் சேர வேண்டும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்குப் பரிந்துரைப்பதென்றால் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு. வினைல் இசைத்தட்டு போட ஆசைப்பட்டால் கோடையிலேயே ஆர்டர் கொடுங்கள். ரேடியோவை நம்பும் பாட்டு இரண்டு மூன்று வாரம் முன்னதாக வரலாம். ரசிகர் பலத்தை மட்டும் நம்பும் பாட்டு பந்தய வாரத்தின் வெள்ளிக்கு ஒரு நாள்கூட முன்னால் வரக் கூடாது, முதல் வாரத்தில் வாங்கியவர் இரண்டாம் வாரத்தில் திரும்ப வாங்கமாட்டார்.

ஸ்ட்ரீமா, டவுன்லோடா?

2018 முதல் உள்ள விகிதப்படி, கட்டணக் கணக்கிலிருந்து வரும் 100 ஸ்ட்ரீம் ஒரு விற்பனைக்குச் சமம். விளம்பரத்தோடு வரும் இலவசக் கணக்கில் 600. பழைய பாட்டுகளுக்கு, அதாவது மூன்று ஆண்டு தாண்டியவற்றுக்கு, இது 200-ம் 1,200-ம் ஆகிறது. ஒருவர் ஒரு பாட்டை நாளெல்லாம் ஓட்டினாலும் 10 முறைதான் எண்ணப்படும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரசிகர் ஏழு நாளும் தினம் 10 முறை கேட்டால் 70 ஸ்ட்ரீம். கட்டணக் கணக்கில் அது 0.7 விற்பனை. இலவசக் கணக்கில் சுமார் 0.12. பழைய பதிவாக இருந்தால் கட்டணக் கணக்கிலும் 0.35-தான். ஒரு டவுன்லோட் வாங்கினால் முழு 1. ஆயிரம் பேர் தினம் இரண்டு முறை கேட்டால் வாரத்தில் 140 விற்பனை. அதே ஆயிரம் பேர் ஆளுக்கு ஒன்று வாங்கினால் 1,000. எனவே பிரச்சாரத்தின் ஒரே வேண்டுகோள் 'வாங்குங்கள்' என்பதாக இருக்கட்டும்.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. இன்று பக்லி மாதிரி ஒரு பழைய பதிவும் புதிய கவரும் மோதினால், ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் புதியதற்கு இரட்டை மதிப்பு. பழையதைத் தூக்குபவர்கள் டவுன்லோடையே நம்ப வேண்டும். 2022-இல் கேட் புஷ்ஷின் 1985 பாட்டுக்கு இந்த விகிதத்திலிருந்து விலக்கு கிடைத்தது உண்மை, ஆனால் அப்படிக் கிடைக்குமென்று திட்டம் போட முடியாது. பாதி மதிப்போடும் வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' 2023, 2024 இரண்டு ஆண்டும் நம்பர் ஒன் ஆனது. டிசம்பரில் அதைக் கேட்கும் கூட்டம் அவ்வளவு. உங்கள் நிஜமான எதிராளி பெரும்பாலும் இந்தப் பழைய பாட்டுகள்தான், இன்னொரு கவர் அல்ல.

வாங்க வைப்பது

'ஹல்லேலூயா' என்று தேடினால் டஜன் கணக்கில் பதிவுகள் வரும். கரோக்கி, நேரடிக் கச்சேரி, அசலைப் போலவே பாடியவை எல்லாம் கலந்திருக்கும். தேடச் சொல்லாதீர்கள், நேரடி இணைப்பைக் கொடுங்கள், ஆல்பம் அட்டைப் படத்தையும் போடுங்கள். ஐபோனில் பாட்டு வாங்குவது 'ஐடியூன்ஸ் ஸ்டோர்' என்கிற தனி ஆப்பில். ஆப்பிள் மியூசிக்கில் ஓட்டினால் அது ஸ்ட்ரீம். ஆண்ட்ராய்டுக்காரர்கள் பிரவுசரில் அமேசான் தளத்துக்குப் போய் எம்பி3 வாங்கலாம். ஒரே ஆப்பிள் கணக்கில் இரண்டாம் முறை அழுத்தினால் மறுபடி இறங்குமே தவிர விற்பனை ஆகாது. குடும்பப் பகிர்வு வைத்திருக்கும் வீட்டில் ஒருவர் வாங்கியதை மற்றவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்வார்கள், ஆளுக்கு ஒன்று வாங்கச் சொல்ல வேண்டும். மொத்தமாக வாங்கிக் குவிப்பது கண்ணில் பட்டால் சார்ட் நிறுவனம் கழித்துவிடும்.

எண்ணப்படுவது பிரிட்டன் கணக்குகள் மட்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து வாங்கினால் பாடியவருக்குக் காசு சேரும், சார்ட்டில் ஏறாது. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் சித்தப்பாவை வாங்கச் சொல்லுங்கள்.

அறக்கட்டளைக்கு என்று சொன்னால் தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். 99 பென்ஸில் 20 சதவீத வாட் போனால் 82.5 பென்ஸ். கடை 30 சதவீதம் எடுத்தால் கையில் சுமார் 58 பென்ஸ்; இன்னும் சில பிடித்தங்களும் உண்டு. 'முழு வருமானமும்' என்று எழுதிவிட்டால் வாங்குபவர் 99 பென்ஸும் போகிறது என்றே நினைப்பார். 2009-இல் ரேஜ் பிரச்சாரக்காரர்கள், வீடற்றோருக்கு உதவும் ஷெல்டர் அமைப்புக்கான நன்கொடையைப் பாட்டு விற்பனையோடு கலக்காமல் தனியாகத் திரட்டினார்கள். அதுவே சுத்தமான வழி.

வாரத்தின் நடுவில் வரும் தற்காலிக நிலவரத்தைப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாளில் ரசிகர் பாட்டு மேலே நிற்கும், பிறகு ஸ்ட்ரீம் பலமுள்ளவை ஏறும். சிடியும் இரண்டாம் சுற்று நினைவூட்டலும் புதன், வியாழனுக்கு மீதி இருக்கட்டும். வியாழன் இரவு பதினொரு மணிக்கு வாங்குபவரின் கார்டு மறுக்கப்படலாம், கடவுச்சொல் மறந்திருக்கலாம். கடைசி அழைப்பை மாலை ஆறு மணிக்கே அனுப்பிவிடுங்கள்.